எல்லோருக்கும் ஒரே கோணம்

உட்காருங்கள் அக்கா. அந்த ஓரம் வேண்டாம், அங்கே பெஞ்சில் ஒரு ஆணி தூக்கிக்கொண்டிருக்கும், சேலையைக் கிழித்துவிடும். இந்தப் பக்கம் வாருங்கள். ஆண்ட்டி என்று கூப்பிட எனக்குப் பிடிக்காது, அக்கா என்றே சொல்கிறேன். மகளைச் சேர்க்க வந்திருக்கிறீர்கள், அப்படித்தானே? கையில் பிளாஸ்டிக் ஃபைல், முகத்தில் பயம், பார்த்தாலே தெரிகிறது. உங்கள் மகள் ஆபீஸ் ஜன்னலில் நிற்கிறாள். வர நேரமாகும். அந்தக் கிளார்க் ஒவ்வொரு சான்றிதழையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், ஏதோ கள்ள நோட்டு மாதிரி.

நானும் காத்திருக்கத்தான் செய்கிறேன். எச்.ஓ.டி. கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார், எதிரே இருப்பது அவர் அறைதான். என் பெயர் சுடர்க்கொடி. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தாயிற்று. நியாயமாக நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு போஸ்டர் இந்தத் துறையின் முன்வாசலில், அதன் சொந்தத் தலைப்போடு, மாட்டப்பட வேண்டும். மாட்டாமல் நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் முடிவு தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் வழக்கு.

வரும்போது வாசலில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பார்த்திருப்பீர்களே. ‘எம் துறை மாணவச் செல்வங்களின் சாதனைகள்.’ எறிபந்தில் இரண்டாமிடம், அணு வடிவக் கோலத்துக்கு ஆறுதல் பரிசு, தகுதித் தேர்வில் தேறிய அண்ணன் ஒருத்தர் கோட் போட்டுக்கொண்டு நிற்கிறார், கோட் அவருடையதில்லை. அதில் வலது ஓரத்தில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறதே, அதற்குக் கீழே இருப்பது நான்தான். நானேதான் ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டினேன். ‘ஒளியியலில் தேசிய அளவில் முதல் பரிசு’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். எதற்குப் பரிசு? அது இல்லை. எதற்கென்று சொல்ல வெட்கப்படுகிறவர்களின் சுவரில் என் முகம் எதற்கு?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எங்கள் அப்பாவும் இப்படித்தான் சிரிப்பார். அவர் லைன்மேன். கம்பத்தில் ஏறுகிற ஆள், இறங்கினால் சங்கக் கூட்டத்தில் மைக் பிடிக்கிற ஆள். நான் பேசுவது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

சரி, விஷயத்தைச் சொல்கிறேன். உங்கள் மகள் இங்கே சேரப் போகிறாள், உங்களுக்குத் தெரியத்தான் வேண்டும்.

அந்தக் கடைசிக் கதவு தெரிகிறதா, கறுப்புத் திரை போட்டது? அதுதான் இருட்டறை. அதற்குள் சோடியம் விளக்கு ஒன்று இருக்கும், மஞ்சள் வெளிச்சம் தரும். அந்த வெளிச்சத்தை ஒரு சின்னக் கண்ணாடித் துண்டின் வழியாக விட வேண்டும். கிரேட்டிங் என்போம், தமிழில் கீற்றணி. கண்ணுக்கே தெரியாத கோடுகள் நெருக்கி நெருக்கிப் போட்ட கண்ணாடி. வெளிச்சம் அதில் பட்டுப் பக்கவாட்டில் திரும்பும். ஒரு டெலஸ்கோப்பை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் மஞ்சள் கோடு ஒன்று வந்து நிற்கும். அது எந்தக் கோணம் என்று படித்து, சூத்திரத்தில் போட்டால் அந்த வெளிச்சத்தின் அலைநீளம் கிடைக்கும். ஐயாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று ஆங்ஸ்ட்ராம். அது வர வேண்டும். புத்தகத்தில் அச்சடித்தே இருக்கிறது.

இப்போது எங்கள் துறையின் வழக்கத்தைக் கேளுங்கள். இங்கே சேர்ந்ததும் சீனியர்கள் முதலில் சொல்லித் தருவது கேன்டீன் எங்கே என்பதை இல்லை. எந்தச் சோதனைக்கு எந்தக் கோணம் என்பதைத்தான். கிரேட்டிங் என்றால் இருபது டிகிரி நாற்பத்திரண்டு நிமிடம். நிமிடம் என்றால் கடிகார நிமிடம் இல்லை, டிகிரியைப் பொடிப்பொடியாகப் பிரித்தால் வருவது. விடை தெரியும், விடையிலிருந்து பின்பக்கமாகவே கணக்குப் போட்டுக் கோணத்துக்கு வந்துவிட வேண்டியது. அதற்கு பேக் கேல்குலேஷன் என்று மரியாதையான பெயர் உண்டு. எல்லோரும் ஒரே எண்ணை எழுதினால் அசிங்கமாக இருக்குமே, அதனால் ஒருத்தி இரண்டு கூட்டிப் போடுவாள், ஒருத்தி இரண்டு குறைத்துப் போடுவாள். இயற்கையாக இருக்க வேண்டுமாம். நானும் முதல் வருஷத்தில் எழுதினேன்தான். அது வேறு விஷயம். முதல் வருஷத்தில் யாருக்கு என்ன தெரியும்?

போன வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எங்கள் இயற்பியல் மன்றம் ஒரு கண்காட்சி வைத்தது. இருட்டறை எனக்கும் பெனாசிருக்கும். பெனாசிர் என் லேப் ஜோடி, மேலப்பாளையத்துப் பெண். சத்தமாகப் பேசினால் வரி கட்ட வேண்டும் என்று நினைக்கிற ரகம். பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தால் உடனே கோடு தெரிய வேண்டும், ஒவ்வொருவருக்கும் தேடிக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நான் டெலஸ்கோப்பை முன்கூட்டியே இருபது நாற்பத்திரண்டில் வைத்துத் திருகை முடுக்கிவிட்டேன். குனிந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

“என்னட்டி, விளக்கு அணைஞ்சிருச்சா?”

“விளக்கு எரியுது. நீ எங்கயோ பாக்குத.”

“எங்கயோ இல்ல. கரெக்டா இருபது நாப்பத்திரண்டுல பாக்குதேன்.”

“அப்ப வெளிச்சம் அங்க இல்ல,” என்றாள் பெனாசிர்.

யோசித்துப் பாருங்கள் அக்கா. எத்தனை வருஷமாக இந்தத் துறையில் எல்லோரும் அந்தக் கோணத்தில் வெளிச்சத்தைப் பார்த்ததாக எழுதி, டிக் வாங்கி, மதிப்பெண் வாங்கி, பட்டம் வாங்கி, கல்யாணம் கட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் இருட்டு.

பெனாசிர் திருகைத் தளர்த்தி மெல்லத் திருப்பினாள். பதினேழு டிகிரி எட்டு நிமிடத்தில் கோடு நின்றது. அதைச் சூத்திரத்தில் போட்டால் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வருகிறது. அது நீலத்தின் பக்கம். கண்ணுக்கு முன்னால் மஞ்சள், கணக்கில் நீலம். டெலஸ்கோப் கெட்டுவிட்டது என்றேன் நான். “மெர்குரி விளக்கைப் போட்டுப் பாப்போமே,” என்றாள் அவள். அதில் பல நிறக் கோடுகள் வரும், எல்லாவற்றுக்கும் அலைநீளம் தெரியும், அதை வைத்துக் கண்ணாடியையே சோதிக்கலாம். சோதித்தோம். அவள் படித்தாள், நான் எழுதினேன். கண்டுபிடிப்பு என்பது எழுதுவதில்தான் இருக்கிறது, இல்லையா. கண்ணாடியின் சட்டத்தில் சென்டிமீட்டருக்கு ஆறாயிரம் கோடு என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. உண்மையில் ஐயாயிரம்தான் இருக்கிறது. யாரோ எப்போதோ வேறு கண்ணாடியின் காகிதத்தை இதில் ஒட்டிவிட்டார்கள். லேபிள் தப்பு.

லேபிள் தப்பாக இருப்பது பெரிய விஷயமில்லை. தப்பான லேபிளை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சரியான விடை வந்திருக்கிறதே, அதுதான் விஷயம்.

நேராக வசந்தகோகிலா மேடத்திடம் போனேன். லேப் அவர் பொறுப்பு. அவரும் இதே துறையில் படித்தவர்தான்.

“மேடம், கிரேட்டிங் லேபிள் தப்பு.”

“எப்படிம்மா தப்பாகும், இத்தன வருஷமா எல்லாருக்கும் சரியா வருதே.”

“அதத்தான் மேடம் சொல்லுதேன். சரியா வரக் கூடாது.”

“சரியா வந்தா உனக்கு என்னம்மா கஷ்டம்?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் பதிலாகத்தான் அந்தப் போஸ்டரைப் போட்டேன். லேப் பீரோவில் பழைய மாணவர்களின் ரெக்கார்டுகள் தூசி பிடித்துக் கிடக்கும், யாரும் தொடுவதில்லை. எல்லாவற்றையும் இறக்கினேன், எங்கள் வகுப்பு ரெக்கார்டுகளையும் சேர்த்து. ஒவ்வொருவருக்கும் என்ன விடை வந்தது என்று வரைபடத்தில் ஒரு புள்ளி. புள்ளி எல்லாம் ஒரே இடத்தில், மொய்க்கிற மாதிரி. அளப்பது என்றால் அப்படி வராது அக்கா. ஒருத்தி கண் ஒரு மாதிரி, ஒருத்தி கை ஒரு மாதிரி. சிதறும். நீங்கள் வீட்டில் சமைப்பீர்களே, பத்துப் பேர் சாம்பார் வைத்தால் பத்து உப்பு இருக்கும். பத்து வீட்டிலும் ஒரே உப்பு என்றால் யாரும் அடுப்பே பற்றவைக்கவில்லை, எல்லோரும் ஒரே கடையில் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதையேதான் போஸ்டரிலும் எழுதினேன், சாம்பாரை மட்டும் எடுத்துவிட்டு. தலைப்பு: ‘எல்லோருக்கும் சரியான விடை வருவது எப்படி?’ நடுவில், சிவப்பில், முழங்கை நீளத்துக்கு: பதினேழு டிகிரி எட்டு நிமிடம்.

அதற்குத்தான் பெனாசிர் குறுக்கே விழுந்தாள். “கோணத்தப் போடாதட்டி. எப்படிப் பாத்தோம்னு மட்டும் போடு,” என்றாள்.

“ஏன், உண்மைய ஒளிச்சு வைக்கணுமா?”

“ஒளிக்கச் சொல்லல. அவ்வளவு பெருசா வேண்டாம்.”

“உண்மைய மூலையில சின்ன எழுத்துல போட அது என்ன மருந்துப் பெட்டியா?”

அவளுக்குப் பயம். வேறென்ன. பெயரும் என்னுடையதை மட்டும் போடச் சொல்லிவிட்டாள். நானும் இரண்டு முறை கேட்டேன், இரண்டாவது முறை சத்தமாகவே கேட்டேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் தேசிய மாணவர் மாநாடு. அங்கே வைத்தேன். முதல் பரிசு. நடுவர் ஒருத்தர் போஸ்டர் முன்னால் நின்று நின்று சிரித்தார். “எங்க லேபுக்குப் போனதும் முதல் வேலையா லேபிளப் பாக்கணும்,” என்றார். இங்கே திரும்பி வந்தேன். எங்கள் எச்.ஓ.டி. குணசீலன் சார் வாசலுக்கே வந்து கை கொடுத்தார், ஃபிளெக்ஸுக்கு ஃபோட்டோ கேட்டார். போஸ்டரை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை. மறுநாள் பார்த்தார். அன்றைக்கே இதே அறைக்குள் என்னைக் கூப்பிட்டார்.

“ரொம்ப நல்லா பண்ணிருக்கம்மா. தலைப்ப மட்டும் கொஞ்சம் மாத்திக்கலாமா?”

“எப்படி சார்?”

“‘கீற்றணிச் சோதனை: ஒரு மறு ஆய்வு.’”

“அதப் படிச்சா என்ன தப்பு நடந்துச்சுன்னே தெரியாதே சார்.”

“அதனாலதாம்மா.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். கோபமே படாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார். “நம்ம பிள்ளைங்க எங்கெங்க இருந்தோ விடியக்காலம் பஸ் ஏறி வருது. வீட்டுல முதல் பட்டம். கோணம் கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னு மார்க்கக் குறைச்சா, அதுக்கு வேலைல்லாம்மா போவும். அவங்க வயித்துல அடிக்கச் சொல்லுதியா?” என்றார்.

“மார்க்கக் குறைக்கச் சொல்லல சார். விளக்கப் பாக்கச் சொல்லுதேன். பாத்துட்டு என்ன வந்துச்சோ அத எழுதுனா முழு மார்க் குடுங்க.”

“நீ வெளியூருக்கு ஆராய்ச்சிக்குப் போகணும்னு இருக்க. என் சிபாரிசு வேணும். யோசிச்சுக்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? வெளியே வந்தேன், போஸ்டரின் நகல் ஒன்றை இருட்டறைக் கதவிலேயே ஒட்டினேன். கிழித்தார்கள். மறுபடி ஒட்டினேன். மறுபடி கிழித்தார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒட்டினேன், கைகழுவும் இடத்துக்கு மேலே, ஒவ்வொருத்தியும் தினம் பார்க்க வேண்டும் என்று. வாட்ஸப்பில் வகுப்புக்கு வகுப்பு அனுப்பினேன். இன்றைக்கு ஜூனியர் பிள்ளைகள் ஒவ்வொருத்தியின் போனிலும் அது இருக்கிறது. சிலர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததை நானே கண்ணால் கண்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

என் வகுப்பில் யாரும் என்னோடு பேசவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. “எங்க ரெக்கார்ட எடுத்து ஊருக்கே காட்டிட்டல்லா” என்று ஒருத்தி மெஸ்ஸில் தட்டோடு எழுந்து வேறு மேசைக்குப் போனாள். போகட்டும். பெனாசிர் மட்டும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் எங்கே உட்கார்ந்தாலும் சாப்பிடுவாள்.

ஆனால் நான் சும்மா கத்துகிறவள் இல்லை அக்கா. ஆதாரம் இல்லாமல் இன்றைக்கு இங்கே வந்து உட்காரவில்லை. இதோ பாருங்கள், இந்த வரைபடம். கண்ணாடி இல்லாமல் தெரிகிறதா? இது இந்த வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளின் செய்முறைத் தேர்வு. என் போஸ்டருக்குப் பிறகு நடந்தது. மேடம் வேறு வழியில்லாமல் லேபிளில் பேனாவால் ஐயாயிரம் என்று திருத்தியிருந்தார். சீட்டுக் குலுக்கலில் கிரேட்டிங் எடுத்த பிள்ளைகள் எல்லோரையும் கேட்டு, என்ன கோணம் வந்தது என்று வாங்கி, நான் வரைந்தது. பார்த்தீர்களா? ஒருத்திகூட இருபது நாற்பத்திரண்டு எழுதவில்லை. ஒருத்திகூட. அத்தனை புள்ளியும் பதினேழு எட்டை ஒட்டியே. ஒரு போஸ்டர், ஒரே வருஷம், ஒரு பழக்கமே போய்விட்டது. முந்தாநாள் இதைத்தான் சாரின் மேசையில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வைத்துவிட்டுப் போ என்றார். இன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

என்ன கேட்டீர்கள்? எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில் இருக்கிறதே என்றா? ஆமாம். உண்மை ஒன்றுதானே அக்கா, அது ஒரே இடத்தில்தான் இருக்கும். சாம்பாரா? அது வேறு. சாம்பாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது பொய்யான விடை மொய்ப்பதைப் பற்றி. இது சரியான விடை. சரியான விடை மொய்த்தால் அதற்குப் பெயர் துல்லியம்.

இதோ, கதவு திறக்கிறது. பெனாசிர்தான். மன்றத்தின் செயலாளர் அவள், சார் முதலில் அவளைத்தான் கூப்பிட்டிருந்தார். முகத்தைப் பாருங்கள், அழுகிற மாதிரியும் இல்லை, சிரிக்கிற மாதிரியும் இல்லை. எப்போதும் இதே முகம். ஏட்டி, என்ன சொன்னாரு? நிசமாவா? தலைப்போடயா? அதே தலைப்பு, ஒரு எழுத்து மாத்தாம?

கேட்டீர்களா அக்கா? சம்மதித்துவிட்டார். அதே தலைப்பு. முன்வாசலில், ஃபிளெக்ஸுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு. இப்போதுதான் ஆள் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறாராம். சிபாரிசும் தயாராம், உள்ளே போய் நன்றி சொன்னால் போதுமாம். அப்புறம் என்ன? பக்கத்திலேயே இந்த வரைபடத்தையும் பெரிதாக்கி மாட்டப் போகிறார்களாம். ‘துறையின் சீர்திருத்தம்: மாணவர்கள் தாமே கண்டு எழுதிய அளவீடுகள்.’ குழு வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்களாம்.

பார்த்தீர்களா, விடாமல் நின்றால் நடக்கும். எங்கள் அப்பாவுக்கு உடனே சொல்ல வேண்டும். போஸ்டரால் என்ன ஆகப் போகிறது என்று கேட்டார்கள் எல்லோரும். நீ என்னட்டி ஒண்ணும் பேசாம நிக்க? சந்தோஷப்படு. சரி, இரு, உள்ளே போகிறேன், அதற்கு முன்னால் இந்த அக்காவுக்கு ஒரு சாட்சியைக் காட்டிவிடுகிறேன். அதோ போகிறாளே நீலச் சுடிதார், அவள் பெயர் ஜெபா. முதலாண்டு. கிரேட்டிங் சீட்டு எடுத்தவள். கெட்டிக்காரி. ஏட்டி ஜெபா, இங்க வா. வா, பயப்படாத. இந்த அக்கா மகள இங்க சேக்க வந்திருக்காங்க. சொல்லு, உனக்கு எத்தன வந்துச்சு?

பதினேழு பத்து. பார்த்தீர்களா, என் அளவிலிருந்து ஒரு மயிரிழை.

அந்த விளக்கப் பத்திச் சொல்லு. அக்கா, அந்த விளக்கு போட்டதும் மஞ்சளாக எரியாது. முதலில் இளஞ்சிவப்பாக, வெட்கப்படுகிற மாதிரி இருக்கும். காத்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல மஞ்சளுக்கு வரும். அந்த நேரத்தில் இருட்டறையே ஒரு மாதிரி இருக்கும். உனக்கு அன்னைக்கு மஞ்சளாவ எவ்வளவு நேரம் ஆச்சு ஜெபா?

என்ன?

எரியலையா? அன்னைக்கா? பரீட்ச அன்னைக்கா எரியல?

முந்தின வாரமே போயிருச்சா. சரி. மேடம் வேற விளக்கு போட்டுருப்பாங்க. போடலையா. அட்ஜஸ்ட் பண்ணி எழுதச் சொன்னாங்களா. வெளியிலருந்து வந்த எக்ஸாமினர்? வடை சாப்பிட்டுட்டு ஸ்டாஃப் ரூம்லயே இருந்தாரா. பொறு, பொறு. அப்ப எதப் பாத்துட்டி பதினேழு பத்துன்னு எழுதுன?

என் போஸ்டர.

எல்லாருமா? எல்லாரும்தானா. ரெண்டு கூட்டி, ரெண்டு குறைச்சு. அத யாரு சொல்லிக் குடுத்தா? சீனியர்ஸ். எந்த சீனியர்ஸ்? சரி, வேண்டாம், பேரு சொல்லாத.

நன்றி சொல்கிறாள் அக்கா. கேட்டீர்களா? என் போஸ்டர் ரொம்ப உதவியாக இருந்ததாம். எழுத்து பெரிசாக இருந்ததால் மெஸ்ஸில் கைகழுவும்போதே மனப்பாடம் ஆகிவிட்டதாம். போ ஜெபா. இல்ல, கோவம் இல்ல. போ. நல்லாப் படி.

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.

இல்லை, நான் கேட்கிறேன், இதில் என் மேல் என்ன தப்பு? நான் பொய்யான கோணத்தையா போட்டேன்? உண்மையான கோணம். அளந்த கோணம். மெர்குரி விளக்கு வைத்துச் சரிபார்த்த கோணம். அதைப் பார்க்காமல் எழுதினால் அது என் குற்றமா? எழுதியவர்கள் குற்றம். விளக்கு மாற்றாத மேடத்தின் குற்றம். வடை தின்றவரின் குற்றம். என்ன சொல்கிறீர்கள்? பெனாசிர் அன்றைக்கே சொன்னாளே என்றா? அவள் சொன்னது பயத்தில் அக்கா. அது வேறு, இது வேறு. இதோ, அவளே நிற்கிறாள், ஒரு வார்த்தை சொல்கிறாளா பாருங்கள். சொன்னால் நான் பதில் சொல்வேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். அதற்கு எப்படிப் பதில் சொல்வது?

உனக்கு முன்னாடியே தெரியுமாட்டி, விளக்கு போனது?

தெரியாதாம். புள்ளிகளைப் பார்த்ததும் சந்தேகம் வந்ததாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னாளாம். நான் அப்போது பேசிக்கொண்டிருந்தேனாம்.

இப்போது அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? மாட்டியது இருக்கட்டும் என்கிறாள். தலைப்பு வந்துவிட்டது, சிபாரிசு வந்துவிட்டது, குழு போன பிறகு விளக்கை மாற்றச் சொல்லிக் கேட்போம், அப்போது பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள் என்கிறாள். நியாயமாகத்தான் இருக்கிறது. அவள் சொல்வது எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும், அதுதான் அவளோடு சண்டை போட முடிவதில்லை. உள்ளே போ, நன்றி சார் என்று சொல், ஊருக்குப் போ. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். எனக்கு வேண்டியது எல்லாம் இந்தக் கதவுக்குள் மேசை மேல் இருக்கிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். குழு வரும். வாசலில் நிற்கும். இடது பக்கம் என் போஸ்டர், பார்க்காமல் எழுதினார்கள் என்று. வலது பக்கம் என் வரைபடம், இப்போது பார்த்து எழுதுகிறார்கள் என்று. இரண்டுக்கும் நடுவில் என் பெயர். அந்தப் பதினேழு எட்டு இருக்கிறதே, இனி வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். விளக்கு எரிந்தாலும் ஒன்றுதான், எரியாவிட்டாலும் ஒன்றுதான். உங்கள் மகளும் அதைத்தான் எழுதுவாள். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, இன்றைக்கு வெளிச்சத்தை அளந்தேன் அம்மா என்பாள். நீங்களும் நம்புவீர்கள்.

இல்லை அக்கா. சம்மதிக்க முடியாது. சிபாரிசு போனால் போகட்டும், சிபாரிசு இல்லாமல் எழுதுகிற தேர்வு இருக்கிறது, எழுதிக்கொள்கிறேன். பயமாக இல்லையா என்றால், இருக்கிறது. அது வேறு விஷயம்.

அதோ, உங்கள் மகள் வருகிறாள். முடி வாரியிருக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, உங்களைவிட அவள்தான் பயந்திருக்கிறாள். இங்கேயே சேருங்கள். நான் இவ்வளவு சொன்னதைக் கேட்டு வேறு கல்லூரி தேடிப் போகாதீர்கள், அங்கேயும் ஒரு லேபிள் இருக்கும். இருட்டறைக்குள் போனால் முதலில் விளக்கைப் போடச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பெனாசிர், நீ வர்றியா, இங்கயே நிக்கியா? வர்றாளாம். வா. ஆனா உள்ள நான்தான் பேசுவேன். சரி, நீயும் பேசு. முதல்ல நீயே பேசு.

என்ன செய்யப் போகிறேன் என்றா கேட்கிறீர்கள்? நேற்று வரை அந்தப் போஸ்டரை மாட்டச் சொல்லிச் சண்டை போட்டேன். இப்போது போய் அதைக் கழற்றச் சொல்லிச் சண்டை போடப் போகிறேன். சாருக்குத் தலை சுற்றும். சுற்றட்டும்.

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. நேரமாகும்.